பாலே கத்துக்கிட்ட ருக்மிணி தேவியும் நம்ம ஊர்க் குறவஞ்சியும்

1) குற்றாலம்னா அருவி, சாரல், பரோட்டாதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா சென்னை கலாக்ஷேத்ராவோட முதல் நாட்டிய நாடகமே 'குற்றாலக் குறவஞ்சி'தான். வருஷம் 1944. அதை மேடையேத்தினவங்க ருக்மிணி தேவி அருண்டேல். பரதத்துக்கு முன்னாடி அவங்க கத்துக்கிட்டது பாலே! கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

2) ருக்மிணி 1904-ல மதுரையில பிறந்தவங்க. 1928-ல ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவோட ஆட்டத்தை பம்பாயில பார்த்தாங்க. அப்புறம் ஆஸ்திரேலியா போற கப்பல்ல ரெண்டு பேரும் ஒண்ணா பயணம். நட்பு ஆயிடுச்சு. பாவ்லோவா குழுவுல இருந்த கிளியோ நார்டிதான் ருக்மிணிக்கு பாலே ஆசிரியை.

3) இங்க கொஞ்சம் மருத்துவம். பாலேவுக்கு இடுப்பு மூட்டு வெளிப்பக்கமா நல்லா திரும்பணும். தொடை எலும்போட கோணம் வளர்ற வயசுலதான் மாறும். வளர்ச்சி முடிஞ்சபிறகு தசையைப் பழக்கலாம், எலும்பை மாத்த முடியாது. அதனாலதான் சின்ன வயசுலயே பயிற்சிக்குச் சேர்க்கிறாங்க. ருக்மிணிக்கு அப்போ 24.

4) 'உங்க நாட்டுக் கலையைத் தேடுங்க'ங்கிறது பாவ்லோவா தந்த யோசனை. 1933-ல மியூசிக் அகாடமியில பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோட சிஷ்யைகள் ஆடுனதைப் பார்த்தாங்க. அவர்கிட்டயே போய்ச் சேர்ந்தாங்க. 1935-ல, 31 வயசுல மேடை ஏறினாங்க. 1936-ல கலாக்ஷேத்ரா.

5) அடுத்து நாட்டிய நாடகம். பல பாத்திரங்கள், ஒரே கதை, ஒரே மேடை. முதல்ல எடுத்தது தென்காசி பக்கத்துல மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதின குறவஞ்சி. குற்றாலநாதர் மேல காதல் கொண்ட வசந்தவல்லி, குறி சொல்ற குறத்தி, அவளைத் தேடி அலையுற சிங்கன். ஆடுறதுக்குன்னே எழுதின மாதிரி இருக்கும்.

6) ஆனா ஏட்டுல பாட்டு இருக்கும், அடவு இருக்காது. குறவஞ்சியைத் தலைமுறை தலைமுறையா ஆடிக் காப்பாத்தினது தேவதாசி மரபுப் பெண்கள். அந்த மரபுல வந்த காரைக்கால் சாரதாம்பாள் துணையோடதான் இந்த நாடகம் உருவாச்சு. இசை வீணை கிருஷ்ணமாச்சாரி.

7) மூணு வருஷம் கழிச்சு, 1947-ல, தேவதாசி ஒழிப்புச் சட்டம். அதுக்காகப் பல வருஷம் போராடினவங்க நம்ம டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சிறுமிகளைப் பொட்டுக்கட்டுறது நிக்கணும், அதுல ரெண்டு கருத்தே கிடையாது. ஆனா அந்தப் பெண்கள் கையில இருந்த கலை வேற வீடுகளுக்குப் போனப்போ, அவங்க பேரு கூடப் போகல. பாலசரஸ்வதி மாதிரி சிலர்தான் அந்த மரபோட பெருமையோட மேடையில நின்னாங்க.

8) ருக்மிணி தேவி நாட்டிய நாடகங்கள்ல தானும் நடிச்சாங்க, பல நாடகங்களை அமைச்சாங்க, ராஜ்யசபாவுக்கும் போனாங்க. 1986-ல மறைஞ்சாங்க. அவங்க உழைப்பு சின்னது இல்ல. அதுக்காக சாரதாம்பாள் பேரை விட்டுட்டு இந்தக் கதையைச் சொன்னா அது பாதிக் கதைதான்.

சீசனுக்குத் தென்காசியில இருந்து குற்றாலம் போறப்போ மேலகரம் வழியாதான் போவீங்க. பசங்களுக்கு இந்த மூணு பேரையும் சேர்த்தே சொல்லுங்க: கவிராயர், சாரதாம்பாள், ருக்மிணி தேவி.