வெள்ளவத்தையின் பெயர்ப் பட்டியல்கள்

கொழும்பை 1656 முதல் 1796 வரை தம் கையில் வைத்திருந்த ஒல்லாந்தர், வரி விதிப்பதற்கும் ஊழியம் வாங்குவதற்கும் வசதியாக, எந்தக் காணியில் எந்தக் குடும்பம் இருக்கிறது, அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற விவரங்களையெல்லாம் காணித்தோம்பு, தலைத்தோம்பு என்னும் பேரேடுகளில் எழுதி வைத்தார்கள். வரிக்காக எழுதப்பட்ட அந்த ஏடுகள் இன்று சரித்திர ஆசிரியர்களுக்கும் தம் வம்சாவளியைத் தேடுவோருக்கும் பெரும் பொக்கிஷமாய் இருக்கின்றன. ஒரு காரியத்துக்காகப் பெற்ற விவரம் காலாந்தரத்தில் முற்றிலும் வேறான காரியத்துக்குப் பயன்படும் என்பதற்கு இந்நகரிலே கிடைக்கும் பழைய திருஷ்டாந்தம் அது. தோம்பின் விஷயத்தில் அந்தப் பயன் நன்மையாய் முடிந்தது. பின்னர் வந்த பட்டியல்கள் அப்படி முடியவில்லை.

1931இல் இலங்கைக்குச் சர்வஜன வாக்குரிமை கிடைத்தது. அதற்கு வேண்டிய வாக்காளர் இடாப்பில் வீட்டு இலக்கமும் வீட்டிலுள்ளோர் பெயர்களும் வீதிவாரியாக அச்சாயின. ஜனநாயகத்துக்கு அந்த இடாப்பு இன்றியமையாதது, அதை எவரும் பார்க்கலாம் என்பதும் நியாயமானதே. ஆனால் 1983 ஜூலை 25ஆந் திகதி காலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நகரின் பிற பாகங்களிலும் தமிழர் வீடுகளைத் தேடிப்பிடித்துக் கொளுத்திய கும்பல்களிற் சில, அந்த இடாப்பின் பிரதிகளைக் கையில் வைத்திருந்தன என்று உயிர் தப்பியவர்களும் அக்காலப் பத்திரிகையாளர்களும் கூறியிருக்கின்றனர். வாக்களிக்கும் உரிமைக்காகப் பிரஜை மனமுவந்து கொடுத்த பெயர், அவன் வீட்டு வாசலுக்கு நெருப்பை அழைத்து வந்தது. அந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம், ‘பெயரும் விலாசமுந்தானே, கொடுத்தால் என்ன?’ என்று எவரேனும் அலட்சியமாகச் சொல்வதை என்னாற் பொறுக்க முடிவதில்லை.

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின்படி 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையில் பெயர், தொழில், விலாசம் ஆகியவற்றுடன் பிறந்த இடமும் எழுதப்பட்டிருந்தது. யுத்த காலத்தில் காவலரண்தோறும் அட்டையை நீட்டியவருக்கு, அந்த ஒரு வரியில் யாழ்ப்பாணம் என்றோ கிளிநொச்சி என்றோ இருந்துவிட்டால் அதற்குமேல் எத்தனை கேள்விகள் எழும் என்பதைக் காலி வீதியில் அக்காலத்தில் நடமாடிய எந்தத் தமிழரும் அறிவார். விடுதிகளில் தங்கியிருந்தவர்களின் விவரங்களும் பொலிஸ் பதிவுக்குப் போயின. 2007 ஜூன் 7ஆந் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களிலுள்ள விடுதிகளிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாளே அவ்வெளியேற்றத்துக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

அட்டையின் இலக்கத்தையே கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டைச் சொல்லும்; அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பதைச் சொல்லும்; பெண்ணாயின் அந்த நாட்கணக்குடன் ஐந்நூறு கூட்டப்படும். 1958 பெப்ரவரி 4இல் பிறந்த ஆணின் இலக்கம் 58035 என்றும், அதே நாளிற் பிறந்த பெண்ணின் இலக்கம் 58535 என்றும் தொடங்கும். 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க முறையில் ஆண்டு முழுதாக எழுதப்படுகிறதே தவிர, இந்த இரகசியம் மாறவில்லை. ஆகவே ‘இலக்கம் மட்டுந்தானே’ என்று அனுப்புகிறவர் தம் பிறந்த திகதியையும் சேர்த்தே அனுப்புகிறார். பிறந்த திகதியையோ, ஒருவர் தம்மை இன்னார் என்று நிரூபிப்பதற்கு வங்கிகள் இன்றும் கேட்கின்றன.

இப்பொழுது காலி வீதியில் அந்தக் காவலரண்கள் இல்லை; ஆனால் அட்டையைக் கேட்பது நின்றுவிடவில்லை. வங்கிக்கோ தொலைபேசிக் கம்பனிக்கோ முறைப்பாடு செய்தால், வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து, அட்டையின் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பும்படி பதில் வருகிறது. வெள்ளவத்தையில் பிரதி எடுத்துத் தரும் கொமியூனிகேஷன் கடைகளில் அன்று குப்பைப் பெட்டியில் விழுந்த மங்கலான போட்டோப் பிரதியைக் கேட்டு வாங்கிக் கிழித்துவிட்டு வருவோம்; மின்னஞ்சலில் அனுப்பியதை அவ்வாறு திரும்பப் பெற வழியில்லை. அது உறையிலிடாத தபாலட்டைபோல் இடையிலுள்ளவர்கள் படிக்கக்கூடிய நிலையிலும் பயணம் செய்யலாம். அனுப்பியவர் பெட்டியில் ஒன்றும், பெற்றவர் பெட்டியில் ஒன்றுமாகத் தங்கிவிடும். சேவைப் பிரிவில் எத்தனை உத்தியோகத்தர் அதைத் திறப்பார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. கேட்பவர் உண்மையிலேயே வங்கிக்காரர்தானா என்பதே முதற் சந்தேகம். விலாசத்தில் ஓரெழுத்தை மாற்றி வங்கியின் பெயரில் வரும் வஞ்சகக் கடிதங்கள் இன்று சர்வசாதாரணம்.

2022 மார்ச் 19ஆந் திகதி சான்றுப்படுத்தப்பட்ட தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய விவரத்தை அந்நோக்கத்துக்கு முரணாகப் பயன்படுத்தலாகாது, தேவைக்கு மேல் திரட்டலாகாது என்ற தத்துவங்களை நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏற்றியது. மிகத் தாமதமான, மிக அவசியமான காரியம் அது. எனினும் அனுப்பும் கையிலும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்.

ஆதலால் இதை வாசிக்கும் அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வந்த கடிதத்துக்கு அப்படியே பதில் எழுதாமல், வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சாகியிருக்கும் தொலைபேசி எண்ணில் அழைத்து, கேட்டது அவர்கள்தானா, எந்த விவரம் எதற்காக வேண்டும் என்று முதலில் விசாரியுங்கள். பிரதி அவசியமானால், அதன் குறுக்கே ‘இன்ன முறைப்பாட்டுக்கு மட்டும்’ என்று திகதியோடு எழுதி, வேண்டாத வரிகளை மறைத்து, கடவுச்சொல்லிட்ட கோப்பாக அனுப்பி, அந்தச் சொல்லைத் தொலைபேசியில் தனியே சொல்லுங்கள். ஒருமுறைக் கடவுச்சொல்லையும் இரகசிய இலக்கத்தையும் யார் கேட்டாலும் கொடாதீர்கள். வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.