வரைபடத்துக்கு முந்திய கேள்வி: பழவேற்காட்டுக் குப்பங்களில் தெரு, வீடு, மணல்வெளி

ஊராரின் கருத்தைக் கேட்டோம் என்று சொல்லாத திட்ட அறிக்கை இன்று அநேகமாக இல்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் கருத்துச் சொல்லும் இடங்களுக்கும் பஞ்சமில்லை. கிராம சபை கூடுகிறது. ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள் நடக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதிக்குப் பொது விசாரணை, கடலோர மண்டல வரைபடத்துக்குத் தனியாக ஒரு கருத்துக்கேட்பு என்று சட்டம் வகுத்த வழிகளும் உண்டு. இத்தனை இருந்தும் குப்பங்களின் தெருவும் வீடும் பொதுவெளியும் அங்கே வாழ்பவர்களின் பிழைப்போடு பொருந்தாமல் போவது ஏன்? கூட்டங்கள் குறைவு என்பதோ, மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்பதோ இதற்கு விடையாகாது. கோடு போட்டு முடிந்த பிறகே ஊரார் அழைக்கப்படுகிறார்கள் என்பதுதான் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

மக்கள் பங்கேற்பைப் பற்றி எழுதுபவர்கள் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் முன்வைத்த எட்டுப் படி ஏணியை இன்றும் எடுத்தாள்கிறார்கள். கண்துடைப்பில் தொடங்கி மக்களின் முழுக் கட்டுப்பாடு வரை, யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை அந்த ஏணி அளக்கிறது. அந்த அதிகாரம் எந்தக் கட்டத்தில் கைக்கு வருகிறது என்பதை அது அளப்பதில்லை. பழவேற்காட்டில் தீர்மானிப்பது இந்த இரண்டாவது அளவுதான்.

நிலத்திலிருந்து தொடங்கலாம். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் சாலையில் திருப்பாலைவனம் இருக்கிறது. திருப்பாலீஸ்வரர் கோயிலும் தெருக்களும் அவற்றுக்கு வெளியே வயல்களுமாக உள்ள ஊர் அது. இப்படிப்பட்ட உழவர் ஊர்களுக்கு வருவாய்த்துறை ஆவணம் ஓரளவு இசைவாகவே இருக்கிறது. குடியிருப்பு நத்தம், விளைநிலத்துக்குப் பட்டா, நீர்நிலைக்குப் புறம்போக்கு என ஒவ்வொன்றுக்கும் ஏட்டில் ஓர் இடம் உண்டு. சில கிலோமீட்டர் கிழக்கே போனால் இந்தப் பாகுபாடு தடுமாறுகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம், வைரவன்குப்பம் ஆகிய ஊர்களில் வாழ்க்கை வீட்டுச் சுவரோடு முடிவதில்லை. வலை காயப்போடும் மணல், படகு ஏற்றிவைக்கும் கரை, கருவாட்டுக் களம், மீன் ஏலம் போடும் இடம், ஏரியில் இறங்கும் துறை எல்லாம் ஊரின் உறுப்புகள். ஏட்டில் இவை பெரும்பாலும் வெறும் புறம்போக்கு. ஏடு காலியிடம் என்று சொல்வதைத் திட்டம் தீட்டுபவர் காலியிடமாகவே எடுத்துக்கொள்கிறார். அவர் மேல் மட்டும் பழி சொல்லிப் பயனில்லை, அவர் கையில் கொடுக்கப்பட்ட படம் அப்படி.

வீட்டு விஷயத்தில் இதன் விளைவைச் சுனாமிக்குப் பின் வந்த கொள்கையில் தெளிவாகக் காணலாம். 2005 மார்ச் 30-இல் தமிழ்நாடு அரசின் வருவாய்த்துறை வெளியிட்ட 172-ஆம் எண் அரசாணை, கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்களுக்கு ஒரு தேர்வைக் கொடுத்தது. 200 மீட்டருக்கு அப்பால் போனால் புதிய வீடு கிடைக்கும், ஆனால் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். இருந்த இடத்திலேயே இருப்பதானால் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், வீடு கட்ட அரசு உதவி கிடையாது. வடிவத்தில் இது மக்களின் விருப்பத்தைக் கேட்ட ஆணைதான். யாரையும் பலவந்தமாக வெளியேற்றச் சொல்லவில்லை. உயிருக்குப் பாதுகாப்பு என்ற அதன் நோக்கத்தையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது விருப்பம் கேட்டது தனித்தனிக் குடும்பங்களிடம். இழப்போ ஊருக்கு. ஒரு குடும்பம் ஒப்படைக்கும் மனை அந்தக் குடும்பத்துக்கு மட்டும் உரிய மண் அல்ல. அதன் முன்னே இருக்கும் வலைமணலுக்கும் படகு ஏற்றும் கரைக்கும் அந்த வீட்டு வரிசைதான் காப்பு. வீடுகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்க, கரையில் ஊருக்கு இருந்த பிடி தளர்கிறது. கரையை விட்டுத் தருவதா, எந்தப் பகுதியை எதற்காக வைத்துக்கொள்வது என்ற கேள்வியை ஊர்க்கூட்டத்தின் முன் யாரும் வைக்கவில்லை.

அதே ஆணையின் வழியே வந்த வீடுகளின் பரப்பு சுமார் 300 சதுர அடி. தொகுப்பு வீட்டுக்குக் குடிபோன குடும்பத்தில் பிள்ளைகளுக்குத் திருமணமாகிறது, பேரப்பிள்ளைகள் பிறக்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு அளந்த வீட்டில் மூன்று தலைமுறை நெருக்கியடிக்கிறது. புதிய வீட்டுக்கு மனை எங்கே என்பது கடலோரம் முழுவதும் எழும் கேள்வி. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011-ஆம் ஆண்டு வடிவத்திலும் 2019-ஆம் ஆண்டு வடிவத்திலும், இதற்கு விடை வைத்திருக்கிறது. மீனவர் குப்பங்களையும் அவர்களின் பொதுச் சொத்துகளையும், படகுத்துறை, ஐஸ் ஆலை, மீன் உலர்த்தும் களம் உட்பட, புல எண் அளவிலான வரைபடத்தில் குறிக்க வேண்டும். குடும்பங்கள் பெருகுவதைக் கணக்கில் கொண்டு நீண்டகால வீட்டுத்தேவைக்கு மாநில அரசு விரிவான திட்டம் தயாரிக்க வேண்டும். துப்புரவும் பேரிடர் ஆயத்தமும் அதில் இடம்பெற வேண்டும். குப்பத்துக்குத் தேவையான ஏறக்குறைய எல்லாவற்றையும் இந்த ஒரு விதி சொல்லிவிடுகிறது. ஆனால் 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் வரைவு வரைபடத்துக்குக் கருத்துக்கேட்பு அறிவிக்கப்பட்டபோது, குப்பங்களும் மீன்பிடி இடங்களும் முறையாகக் குறிக்கப்படவில்லை, வீட்டுவசதித் திட்டம் சேர்க்கப்படவில்லை என்பதே மீனவர் அமைப்புகளின் முதல் ஆட்சேபமாக இருந்தது. இல்லாத ஒன்றைப் பற்றி என்ன கருத்துச் சொல்வது?

வரைபடத்தில் இடம்பெறாத இடத்துக்கு என்ன நேரும் என்பதைத் தெற்கே எண்ணூர் காட்டுகிறது. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் காப்புக்குரியதாக இருந்த எண்ணூர்க் கழிவெளியின் பெரும்பரப்பு, பின்னால் அரசு காட்டிய வரைபடத்தில் காணவில்லை என்று 2017-இல் அப்பகுதி மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் குற்றம் சாட்டினார்கள். தண்ணீரும் சதுப்பும் கண்முன்னே இருக்க, அது இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு மீனவர்மேல் விழுந்தது. பழவேற்காட்டார் தம் தெருவிளக்குக் கோரிக்கைக்கும் முன்னால் வரைபடத்தில் கவனம் வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தெருவும் விளக்கும் சின்ன விஷயங்கள் என்று இதற்குப் பொருளல்ல. மழைக்காலத்தில் சேறு மிதித்துத் தலைச்சுமையோடு மீன் விற்கப் போகும் பெண்ணுக்குச் சிமென்ட் ரோடு பெரிய விடுதலை. பசியாவரம் போல நெடுங்காலம் படகை நம்பியே இருந்த ஊருக்குப் பாலம் என்பது பிரசவத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள வழி. ஆனால் இந்த வசதிகள் எல்லா ஊருக்கும் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. கருவாடு காயப்போடச் சிமென்ட் தளம் நல்லது, படகை இழுத்து ஏற்ற மணல்தான் நல்லது. பழைய தெருவை உடைக்காமல் மேலேயே பேவர் பிளாக் பதித்தால், தாழ்ந்த வாசல்களுக்குள் மழைத்தண்ணீர் புகுகிறது. விடியுமுன் கடலுக்குப் போகிறவர்களுக்கு உயர்கோபுர மின்விளக்கு வேண்டும். அதே கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன, பொரித்த குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ஊர்ப்பக்கம் திரும்பிவிடும். விளக்கை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது, எந்த மாதங்களில் அணைப்பது என்பது மதிப்பீட்டு அறிக்கையில் இருப்பதில்லை. கரையில் இருப்பவர்களிடம் கேட்டால் தெரியும்.

அழகுபடுத்தல் என்று வரும்போது இந்தப் பொருந்தாமை கூர்மையாகிறது. 1985-இல் சென்னை மெரினாவை அழகுபடுத்த, கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முனைந்தது அரசு. நகரத்தாருக்குப் பூங்காவாகத் தெரிந்த மணல் மீனவருக்குத் தொழிற்கூடம். அந்த முரண் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் சாலை மீன்கடைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தபோது, போக்குவரத்துக்கு இடையூறு என்பது கேள்வியாக இருந்தது. அந்தச் சாலையே குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே வந்தது என்பதை மீனவர்கள்தாம் நினைவூட்ட வேண்டியிருந்தது. டச்சுக் கல்லறையும் கோட்டைச் சுவடுகளும் பறவைகளும் உள்ள பழவேற்காட்டுக்கும் சுற்றுலா மேம்பாடு வராமலிருக்காது. 2011 டிசம்பர் 25-இல் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டபின் இங்கே சுற்றுலாப் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது. எதைத் திரும்பத் திறப்பது, நடைபாதை எங்கே முடிவது என்ற பேச்சு மறுபடி எழும்போது மெரினாவின் அனுபவம் மேசைமேல் இருக்கட்டும்.

பெருந்திட்டங்களில் காலம் தவறிக் கேட்பதைச் சட்டமே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. 2006 செப்டம்பர் 14-ஆம் நாளின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அனுமதிக்கு நான்கு கட்டங்கள்: வகை பிரித்தல், ஆய்வு எல்லை வகுத்தல், மக்கள் கருத்துக்கேட்பு, மதிப்பாய்வு. எவற்றை ஆராய வேண்டும் என்று முடிவாகும் இரண்டாம் கட்டத்தில் ஊராருக்கு நாற்காலி இல்லை. மூன்றாம் கட்டத்தில், வரைவு அறிக்கை எழுதி முடிந்தபின், 30 நாள் அறிவிப்போடு அழைப்பு வருகிறது. அந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்ற நிபந்தனையும் கிடையாது. பழவேற்காட்டுக்குத் தெற்கே இதே கரையில் உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விரிவாக்கத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,100 ஏக்கருக்கு மேல் விரியும் 53,031 கோடி ரூபாய்த் திட்டம் அது. அதற்கான பொது விசாரணை 2021 ஜனவரி 22-க்கு அறிவிக்கப்பட்டு நின்றது, 2023 செப்டம்பர் 5-க்கு அறிவிக்கப்பட்டு மீண்டும் தள்ளிப்போனது. இரண்டு முறையும் குப்பங்கள் கடுமையாக எதிர்த்தன. கடலரிப்பும் முகத்துவாரம் தூர்வதும் அவர்கள் முன்வைத்த அச்சங்களில் முதன்மையானவை. ஆரணியாறு வந்து கலக்கும் இந்த ஏரி கடலோடு மூச்சுவிடுவது அந்த முகத்துவாரம் வழியாகத்தான். அது மணலால் அடைபட்டால் படகும் போகாது, இறால் குஞ்சும் உள்ளே வராது. ஆய்வு எல்லை வகுக்கும் அன்றே கேட்டிருந்தால் மீனவர்கள் வைத்திருக்கக்கூடிய முதல் கேள்வி இது. எதிர்ப்பாக மட்டுமே பேச முடிகிற கட்டத்தில் அழைத்துவிட்டு, இவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள் என்று சொல்வது நியாயமில்லை.

முன்கூட்டிக் கேட்கும் முறை இந்தக் கரைக்குப் புதிதல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டங்களில் பாடு முறையைக் கடைப்பிடித்து வந்திருக்கின்றன. சுத்து வலை கட்டி இறால் பிடிக்கும் நல்ல இடங்கள் சில, உரிமை கோருபவர் பலர். ஆகவே பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு முறை வைத்து இடம் மாறி மாறிக் கிடைக்கிறது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பது வலை தண்ணீரில் இறங்கும் முன்னே ஊரார் அறிந்த செய்தி. சோழமண்டலக் கடற்கரை மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளை ஆராய்ந்து மார்ட்டன் பாவிங்க் 2001-இல் வெளியிட்ட நூல், அரசுச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு சட்டமாக இந்த அமைப்புகள் இயங்குவதை விளக்கியது. வளத்தைப் பங்கிடத் தெரிந்த ஊருக்குத் தெருவையும் மனையையும் பங்கிடத் தெரியாது என்று கருதக் காரணமில்லை.

ஆனால் இதைக் கொண்டாடி நிறுத்திக்கொண்டால் பொய்யாகும். பாடு முறைப் பட்டியலில் இருப்பவர்கள் ஆண்கள், குறிப்பிட்ட சமூகத்தார். மற்றக் குப்பங்களும் பிற சமூகத்தாரும் அதில் பங்கு கேட்டுத் தகராறு எழுந்ததுண்டு. ஊர்ப் பஞ்சாயத்திலும் பெண்களுக்கு இடமில்லை. ஆழங்குறைந்த நீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பறியில் சேர்க்கும் இருளர் பெண்களுக்குப் பாடு முறையில் இடமும் இல்லை, கரையில் தமக்கென்று எழுதிய இடமும் இல்லை. கரையோரத்தில் ஒரு தடுப்புச்சுவர் வந்தால் முதலில் வேலை இழப்பவர்கள் அவர்கள். எனவே ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லையே ஊரின் சொல்லாக ஏற்கும் அதிகாரி நேரத்தை மிச்சப்படுத்தலாம், ஊரைக் கேட்டவர் ஆகமாட்டார்.

இந்த இடத்தில்தான் கிராம சபைக்கு மாற்றில்லை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர், மீனவச் சமூகமான பட்டினவர் வீட்டுப் பெண்ணும் இருளர் பெண்ணும் உட்பட. ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்ட நாட்கள் 2022 முதல் ஆறாயின. ஊராட்சித் திட்டத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரமும் அதற்கு உண்டு. நான் முன்வைக்கும் வழி, கடலோர அறிவிக்கை கேட்கும் குப்ப வரைபடத்தைக் கிராம சபையின் முதல் வேலையாக்குவது. நில அளவையரும் மீன்வளத்துறை அலுவலரும் குப்பத்தாரோடு நடந்து, வலைமணல், களம், துறை, இறால் தடவும் கரை, வருங்கால வீட்டுமனை ஆகியவற்றைப் புல எண்ணோடு குறிக்கட்டும். பெண்களும் இருளர்களும் தனியே கூடி அந்தப் படத்தைத் திருத்திய பிறகே சபை அதை ஏற்கட்டும். பின்னால் வரும் சாலை, விளக்கு, பூங்கா, துறைமுகம் எதுவானாலும் இந்தப் படத்துக்குப் பதில் சொல்லிவிட்டு வரவேண்டும். 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கிய கேரளம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியதோடு, பணத்தைப் பிரிக்குமுன் ஒவ்வொரு ஊரும் தன் வளங்களையும் குறைகளையும் எழுதிய அறிக்கையைத் தயாரிக்க வைத்தது. அங்கே ஊரின் ஆவணம் முன்னும் ஒதுக்கீடு பின்னும் வந்தன.

இது காலதாமதம் என்பார்கள். காட்டுப்பள்ளி விசாரணை இருமுறை அறிவித்து இருமுறை நின்றதும் காலதாமதம்தான். அந்த ஆண்டுகளில் ஒரு குப்பத்தின் படம்கூட வரைந்து முடிக்கப்படவில்லை என்றால் யாருடைய நேரம் மிச்சமாயிற்று? இதைவிட வலுவான ஆட்சேபம் வேறொன்று உண்டு. திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத சபையின் தீர்மானத்துக்கு எவ்வளவு எடை? தலைவர் பதவிக்குத்தான் காலவரம்பு உண்டு, சபைக்கு இல்லை. வாக்காளர் பட்டியல் இருக்கும்வரை சபை இருக்கிறது. தனி அலுவலர் சாலைக்கும் விளக்குக்கும் கையெழுத்திட முடியுமென்றால், குப்பத்தின் படத்தைச் சபையின் முன் விரித்து வைத்து அதன் திருத்தங்களைப் பதிவேட்டில் ஏற்றவும் அவரால் முடியும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஒரு கூட்ட அறிவிப்பில் ஒரு பொருள் கூடுதலாகச் சேர்த்தால் போதும்.