காரீயமும் உழைப்பும்

கனிப்பொருள்கள் இயற்கையின் கொடை என்று பாடநூல்கள் கூறுகின்றன. மண்ணின் கீழ்க் கிடக்கும்வரை அது உண்மையே. மனிதனின் உழைப்பால் வெளியே வந்ததும் அவை சமுதாய வரலாற்றுக்கு உரியனவாகிவிடுகின்றன. இலங்கையின் காரீயம் இதற்குத் தக்க சான்றாகும்.

காரீயம் என்றால் கரிய ஈயம். கறுத்து மினுங்கித் தாளிற் கோடிடும் இப்பொருளை ஐரோப்பியரும் ஈயத்தின் இனமென்றே கருதிப் 'பிளம்பாகோ' என்றழைத்தனர். 1779 இல் சுவீடனில் வாழ்ந்த இரசாயன அறிஞர் ஷீலே, இது காபனன்றி வேறில்லை என நிறுவினார். எழுதுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கிராபைற்று' என்ற பெயரை 1789 இல் வேர்ணர் சூட்டினார். வைரமும் காபனே. அணுக்கள் அடுக்கப்பட்ட முறையே ஒன்றை மிகக் கடினமானதாகவும் மற்றொன்றை விரலில் ஒட்டும் மெதுமையுடையதாகவும் ஆக்கிற்று. எனவேதான் கனிப்பொருளை வகைப்படுத்துவோர் இரசாயனச் சேர்க்கையோடு பளிங்கமைப்பையும் நோக்குகின்றனர்.

பிற நாடுகளிற் காரீயம் பெரும்பாலும் பாறையிற் சிதறிய செதில்களாகவே கிடைக்கின்றது. இலங்கையிலோ, பல கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்திற் காபன் செறிந்த பாய்பொருள்கள் பாறை வெடிப்புக்களுட் புகுந்து, அங்கே காரீயத்தைப் படியவிட்டன. அவ்வாறு உருவான நாளங்களிற் காபன் பெரும்பாலும் நூற்றுக்கு 95 பங்குக்கு மேலுண்டு. கேகாலை மாவட்டத்துப் போகல, குருணாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ ஆகிய சுரங்கங்கள் இந்நாளங்களைத் தேடியே ஆழ இறங்கின.

கடும் வெப்பத்தைத் தாங்குவதால், உலோகம் உருக்கும் மூசைகள் செய்யப் பிரித்தானிய, அமெரிக்க ஆலைகள் இதனை விரும்பி வாங்கின. முதலாம் உலகப் போர் வெடிகுண்டுத் தொழிலைப் பெருக்கியது. 1916 இல் 33,000 தொன்னுக்கு மேல் ஏற்றுமதியாயிற்று. ஆண்கள் வழுக்கும் மர ஏணிகளில் வெறுங்காலோடு சுரங்கத்துள் இறங்கினர். கொழும்புக் கொட்டகைகளிற் பெண்கள் கரி படிந்த கைகளால் அதனைச் சுத்தஞ்செய்து, கட்டி, சில்லு, தூள் எனத் தரம் பிரித்தனர். பின்னர் அது பீப்பாய்களில் அடைக்கப்பட்டு, கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தினின்று கப்பலேறிற்று. ஏற்றுமதிக் கணக்கிலே தொன்னும் விலையும் உண்டு. அப்பெண்களின் பெயர்கள் இல்லை.

அவர்கள் உழைப்பின் பயன் எங்கே சென்றது? நாட்டின் முதலாவது பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் தந்தையார் காரீயத்தாற் செல்வரானவர். 1953 இற் பிரதமரான சேர் ஜோன் கொத்தலாவலையின் தாய்வழிச் செல்வமும் காரீயச் செல்வமே. போர் முடிந்ததும் விலை வீழ்ந்தது. மடகாஸ்கர்க் காரீயம் சந்தையைப் பிடித்தது. உடைமையாளர்க்குத் தென்னையும் இறப்பரும் இருந்தன. தொழிலாளர்க்கோ தங்கள் கைகளைத் தவிர வேறு உடைமை இருக்கவில்லை.

1971 இல் அரசு பெருஞ் சுரங்கங்களைப் பொறுப்பேற்றது. பின்னர் போகல மீண்டும் தனியார் வசமாயிற்று. கஹட்டகஹ அரசிடமே உள்ளது. இன்று இலிதியம் மின்கலங்களுக்குக் காரீயம் தேவைப்படுவதால் உலகின் கண் மறுபடியும் இந்நாளங்கள்மீது விழுந்துள்ளது. மீண்டும் மூலப்பொருளை மட்டும் கப்பலேற்றி, பயனைப் பிறர்க்கு விடுவோமா என்பதே இன்றுள்ள கேள்வி.

வகுப்பறையிற் கனிப்பொருள் வகைப்பாட்டைக் கற்பிக்கும் நாம், கட்டி, சில்லு, தூள் என்னும் வகைப்பாட்டையும், அதனைத் தம் கைகளாற் செய்த பெண்களையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். நாளை இக்கேள்விக்கு விடை கூறப்போகின்றவர்கள் எமது மாணவர்களே.