கல்லில் இல்லாத பெயர்கள்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் எடுத்தது என்று பெருமை பேசும் கல்வெட்டில் 'விசித்திரசித்தன்' என்கிற அவனுடைய பட்டப்பெயர் இருக்கிறது. உளி பிடித்த ஒருவர் பெயரும் இல்லை. நம் மாவட்டத்தின் கல் வரலாறு அன்றிலிருந்து இப்படித்தான் எழுதப்படுகிறது.

திண்டிவனம் வட்டாரத்துக் கல்லுக்குச் சந்தையில் தனிப்பெயர் உண்டு: 'குன்னம் பிளாக்'. வியாபாரிகளுக்கு அது கருப்பு கிரானைட், புவியியலாளர்களுக்கு டோலரைட். பழம்பாறையின் வெடிப்புகளில் எரிகுழம்பு ஏறி இறுகிய கல். மெருகேற்றினால் முகம் தெரியும். தமிழகத்தின் கருப்புக் கல் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்க் கல்லறைக் கல்லாகிறது. செத்தவர் பெயரை அதில் அழகாகச் செதுக்குகிறார்கள்.

1977 டிசம்பரில், கருப்பு கிரானைட் குத்தகையை இனித் தனியாருக்குத் தருவதில்லை என்று தமிழக அரசு விதி கொண்டுவந்தது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். விதி செல்லும் என்று 1981இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல் யாருக்குச் சொந்தம் என்று டெல்லிவரை வாதாடினார்கள். அதை வெட்டுகிறவர்கள் யார் என்பது அங்கே கேள்வியாகவே இல்லை.

யார் அவர்கள்? நிலமில்லாத தலித்துகள், ஒட்டர்கள், இருளர்கள். முன்பணம் வாங்கியவர் குடும்பத்தோடு குவாரியில் கிடந்து கடன் கழிப்பதைக் கொத்தடிமை என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கடனுக்குக் கணக்கு நோட்டு இருக்கும். வேலைக்கு வருகைப் பதிவேடு இருக்காது.

இதன் விலை நுரையீரலில் தெரிகிறது. கல்தூசு படிந்து வரும் சிலிகோசிஸை டிபி என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது சுலபம். இழப்பீட்டுச் சட்டப்படி இந்த நோய்க்கு முதலாளி பணம் கட்ட வேண்டும். ஆனால் குவாரியில் வேலை செய்ததற்கு ஆதாரம் எங்கே?

இது தலைவிதி அல்ல. ஸ்காட்லாந்தின் கிரானைட் ஊர்களிலிருந்து அமெரிக்காவின் பாரி நகருக்குப் போன கல்தச்சர்களும் இதே தூசில் செத்தார்கள். 1930களின் இறுதியில் தூசு உறிஞ்சும் கருவிகள் வந்த பிறகு அங்கே நோய் வெகுவாகக் குறைந்தது.

இங்கேயும் அது முடியும். தூசை அடக்க வேண்டும். ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். கல்வெட்டில் இடம் கேட்கவில்லை, தோழர்களே. கூலிப் பதிவேட்டில் கேட்கிறோம்.