போர்ப்பட ஸ்டில்களை இனங்காணல்

பழைய போர்த் திரைப்படம் ஒன்றின் ஒற்றை ஸ்டில்லையும் ஓரிரு குறிப்புகளையும் கொண்டு அது எந்தப் படம் என்று கண்டறிவது ஆவணக் காப்பகங்களுக்கு வேலை, ரசிகர்களுக்கு நெடுநாள் விளையாட்டு. பெரும்பாலோர் முதலில் பார்ப்பது, அதில் தெரிவது எந்தப் போர், எந்த நாட்டுப் படை என்பதைத்தான். அது அதிக தூரம் அழைத்துச் செல்லாது. ஜெர்மானியரும் அமெரிக்கரும் மோதும் படங்கள் ஏராளம். சீருடையும் கொடியும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. படத்துக்குப் படம் மாறுவது வேறொன்று. கிடைக்காத டாங்கிக்கும் விமானத்துக்கும் ஊருக்கும் பதிலாகப் படக்குழு எதைக் கொண்டுவந்து நிறுத்தியது என்பதுதான் அது. வரலாற்றிலிருந்து படம் விலகும் இடத்தில்தான் அதன் அடையாளம் பதிந்திருக்கிறது.

போர் முடிந்தபின் ஓடும் நிலையில் இருந்த ஜெர்மானிய டைகர் டாங்கிகள் மிக அரிது. ஆகவே எந்த நாட்டு இராணுவம் ஆட்களையும் வண்டிகளையும் தந்ததோ அந்த நாட்டுக்குத் தயாரிப்பாளர்கள் போனார்கள். 'பேட்டில் ஆஃப் த பல்ஜ்' (1965) ஸ்பெயினில் எடுக்கப்பட்டது. 'பாட்டன்' (1970) படத்தின் பெரும்பகுதியும் அங்கேதான். 1953-இல் பிராங்கோ அரசு அமெரிக்காவோடு உடன்படிக்கை செய்துகொண்ட பின் ஸ்பானிய இராணுவத்துக்கு அமெரிக்க எம்-47 டாங்கிகள் வந்து சேர்ந்தன. 1950-களில் உருவான அந்த வண்டிதான் 'பல்ஜ்' படத்தில் ஜெர்மானிய கிங் டைகராக வருகிறது. எதிரே அமெரிக்க ஷெர்மனாக நடிப்பது அதைவிடச் சிறிய எம்-24. 'பாட்டன்' படத்திலோ இரு தரப்பிலும் போருக்குப் பிந்தைய அமெரிக்க வண்டிகளே. ஸ்டில்லில் பெரிய எம்-47-களும் சிறிய எம்-24-களும் எதிரெதிரே நின்று, பனி மூடிய ஆர்டென் காடு இருக்க வேண்டிய இடத்தில் வறண்ட சமவெளி விரிந்தால், படம் 'பல்ஜ்' என்று துணிந்து சொல்லலாம்.

யூகோஸ்லாவியாவின் கதை இன்னும் சுவையானது. டிட்டோ 1948-இல் ஸ்டாலினோடு முறித்துக்கொண்டார். 1950-களில் அமெரிக்க இராணுவ உதவி வந்தது. அதனால் சோவியத் டி-34-உம் அமெரிக்க ஷெர்மனும் ஒரே இராணுவத்தில் இருந்தன. அங்கே எடுத்த 'கெல்லிஸ் ஹீரோஸ்' (1970) படத்தில் ஷெர்மன்கள் அசல். டைகர்கள் வேடமிட்ட டி-34-கள். மேற்பகுதியைத் தகடு அடித்து நன்றாகவே மாற்றியிருக்கிறார்கள். ஆனால் சக்கரங்கள் காட்டிக்கொடுத்துவிடும்: டைகரின் சக்கரங்கள் ஒன்றோடொன்று மேற்படிந்து நிற்கும், டி-34-இன் ஐந்து பெரிய சக்கரங்கள் தனித்தனியே தெரியும். 'சேவிங் பிரைவேட் ரயன்' (1998) படத்து டைகரும் டி-34-தான். அதன் வெளுத்த நிறமே இரண்டையும் பிரித்துவிடும். பனிப்போர் கால அரசியல், திரையில் எந்த டாங்கி ஜெர்மானிய வேடம் கட்டும் என்பதையும் தீர்மானித்திருக்கிறது.

விமானங்களும் அப்படியே. 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' (1969) படத்து மெஸ்ஸர்ஷ்மிட்டுகள் ஸ்பெயினில் கட்டியவை, பிரிட்டிஷ் மெர்லின் எஞ்சின் பூட்டியவை. புகைக்குழாய்கள் மூக்கின் மேற்பகுதியில் இருப்பதைக் கண்டால் அது அசல் அல்ல என்று தெரியும். வியட்நாமைக் காட்டும் 'அபோகலிப்ஸ் நவ்' (1979) பிலிப்பைன்ஸில், அந்நாட்டுப் படையின் ஹெலிகாப்டர்களோடு எடுக்கப்பட்டது. 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' (1987) காட்டும் ஹுவே நகரம் லண்டனின் பெக்டன் எரிவாயு ஆலை, பனைமரங்கள் வெளியிலிருந்து தருவித்தவை. 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' (1957) படத்து ஆறு இலங்கையின் கித்துல்கலையில் ஓடும் களனி கங்கை. படத்தின் கதைக்கு அடிப்படையான சயாம் இரயில்பாதைக் கட்டுமானத்தில் மலாயாத் தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர் மாண்டார்கள். படத்தின் கதையில் அவர்களுக்கு இடமில்லை. அது டாங்கி மாற்றத்தைவிடப் பெரிய விலகல்.

இவ்வளவு எதற்கு, நடிகர் முகம் போதாதா என்று கேட்கலாம். முகம் தெளிவாக இருந்தால் அதுவே முதல் துணை, மறுக்கவில்லை. ஆனால் போர்ப்படங்களில் ஒரே முகங்கள் திரும்பத் திரும்ப வரும். டெலி சவாலஸ் 'பல்ஜ்', 'த டர்ட்டி டசன்', 'கெல்லிஸ் ஹீரோஸ்' மூன்றிலும் இருக்கிறார். மூன்றிலும் அமெரிக்கச் சிப்பாய். அவர் பின்னால் நிற்கும் வண்டிதான் வழக்கைத் தீர்க்கும்.

இதைவிட வலுவான ஆட்சேபம், காட்சிகள் கடன் போவது. 'டோரா! டோரா! டோரா!' (1970) படத்துக்காக அமெரிக்கப் பயிற்சி விமானங்களை ஜப்பானிய ஜீரோக்களாக மாற்றினார்கள். அதன் காட்சிகளை 'மிட்வே' (1976) எடுத்து ஒட்டிக்கொண்டது. அப்படியானால் மாற்று விமானம் நம்மைத் தவறான படத்துக்குக் கொண்டுபோகாதா? போகலாம். அது சொல்வது அந்தக் காட்சி எங்கே பிறந்தது என்பதை மட்டுமே. எந்தப் படத்தில் வந்தது என்பதற்கு இரண்டாவது சான்று வேண்டும். திரையின் அகலம் ஒரு நல்ல சான்று: 'பல்ஜ்' 2.76:1 என்ற மிக அகன்ற சட்டகம் கொண்டது, 1950-க்கு முந்தைய படங்கள் ஏறக்குறைய சதுரம். ஆனால் விளம்பர ஸ்டில்கள் படச்சுருளிலிருந்து வெட்டியவை அல்ல; ஸ்டில் புகைப்படக்காரர் தனி கேமராவில் எடுத்தவை. அவற்றில் சட்டக அளவை நம்பக் கூடாது, வண்டியை நம்பலாம்.

மாற்றே இல்லாத படங்களில் இந்த முறை தடுமாறும் என்பதும் உண்மை. போர் முடிந்த சில ஆண்டுகளில் அசல் தளவாடங்கள் தாராளமாகக் கிடைத்தன. அங்கே இடத்தைப் பார்க்க வேண்டும். ஆர்டென் சண்டையையே சொல்லும் 'பேட்டில்கிரவுண்ட்' (1949) பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதன் பனியும் மூட்டமும் அரங்கில் உண்டாக்கியவை. மறுமுனையில், 'ஃப்யூரி' (2014) இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்திலிருந்து ஓடும் நிலையிலுள்ள அசல் டைகரையே வரவழைத்தது. கணினி வரைகலை பெருகப் பெருக வண்டிகள் சரியாக அமைந்துவிடுகின்றன. எனவே இந்த முறை மிகக் கூர்மையாக வேலை செய்வது 1950-களிலிருந்து 1990-கள் வரையான படங்களில்தான்.