டாக் குரூப், ஸ்கேன் லிஸ்ட்: டிரங்கிங் ஸ்கேனரை எப்படி அடுக்கி வைப்பது?

2024 செப்டம்பர் 27-ம் தேதி ஹெலீன் புயல் அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநில மலைப் பகுதியைப் புரட்டிப் போட்டது. ஆஷ்வில் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் கரண்ட் போனது, செல்போன் சிக்னல் போனது. எந்தச் சாலை திறந்திருக்கிறது, யார் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற தகவல் பலருக்கு ரேடியோ வழியாகத்தான் கிடைத்தது.

அதே மாநிலத்தில் ராலே, கேரி, மோரிஸ்வில் பக்கம் ஐடி வேலையில் இருக்கும் இந்தியர்கள் நிறைய. புயலோ காட்டுத்தீயோ வந்தால் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பேச்சைக் கேட்டுத் தெரிந்துகொள்ள, அமெரிக்காவில் பலர் கையடக்க ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள். வாங்கிய புதிதில் வரும் சலிப்பு ஒன்றுதான்: எல்லாம் கலந்து கேட்குது, ஒண்ணும் புரியல. பெரும்பாலும் இதற்குக் காரணம், டாக் குரூப்புகளை அடுக்கி வைத்த விதம்.

டிரங்கிங் என்றால் என்ன?

பேங்க்கில் டோக்கன் முறையை நினைத்துக்கொள்ளுங்கள். லோனுக்கு ஒரு கவுண்ட்டர், நகைக்கு ஒரு கவுண்ட்டர் என்று தனித்தனியாக இல்லை. எந்தக் கவுண்ட்டர் காலியோ அங்கே போகச் சொல்லி போர்டில் எண் வருகிறது. டிரங்கிங் ரேடியோவும் அப்படித்தான். ஒரு சில அலைவரிசைகளை போலீஸ், தீயணைப்பு, மாநகராட்சி எல்லாரும் பகிர்ந்துகொள்கிறார்கள். யார் இப்போது எந்த அலைவரிசையில் பேசுவது என்பதை 'கண்ட்ரோல் சேனல்' சொல்லும். அதுதான் அந்த டோக்கன் போர்டு.

டோக்கன் எண்ணுக்குச் சமமானது டாக் குரூப். ஒரு குழுவுக்குக் கொடுத்த எண், அவ்வளவுதான். அடுத்தடுத்த பேச்சு வேறு வேறு அலைவரிசையில் போகலாம், எண் மட்டும் மாறாது. அதனால்தான் ஸ்கேனரில் நாம் அலைவரிசையைத் துரத்தாமல் எண்ணைப் பிடிக்கிறோம். வடக்கு கரோலினாவின் 'வைப்பர்', மினசோட்டாவின் 'ஆர்மர்' போன்ற மாநில அளவிலான நெட்வொர்க்குகள் 'பி25' என்ற டிஜிட்டல் தரத்தில் இப்படித்தான் இயங்குகின்றன.

நிறைய டாக் குரூப் போட்டால் ஸ்கேன் மெதுவாகுமா?

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ஆகாது. ஸ்கேனர் ஒவ்வொரு டாக் குரூப்பாகப் போய்த் தட்டிப் பார்ப்பதில்லை. கண்ட்ரோல் சேனலில் உட்கார்ந்து போர்டைப் படிக்கிறது. உங்கள் பட்டியலில் இருக்கும் எண் வந்தால் அந்த அலைவரிசைக்குத் தாவுகிறது. பட்டியலில் 10 எண் இருந்தாலும் 200 இருந்தாலும் போர்டைப் படிக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

நேரத்தைத் தின்பது வேறு இரண்டு. ஒன்று, சிஸ்டமும் டவர் தளமும். இரண்டு கவுண்டிகளின் சிஸ்டம், ஒவ்வொன்றிலும் நான்கு டவர் என்று போட்டால், எட்டு இடத்துக்கும் மாறி மாறிப் போய்வர வேண்டும். ஓரிடத்தில் இருக்கும்போது மற்ற ஏழும் கேட்காது. வீட்டில் நன்றாக எடுக்கும் ஒரே தளத்தை வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, சளசளப்பு. ஸ்கேனர் ஒரு நேரத்தில் ஒரு பேச்சைத்தான் கேட்கும். குப்பை லாரிக்காரர்கள் பேசுவதில் அது மாட்டிக்கொண்டிருக்கும் 20 நொடியில்தான் உங்கள் தெருவுக்கு ஃபயர் எஞ்சின் அனுப்பும் அழைப்பு வந்துவிட்டுப் போகும். ஒரு டாக் குரூப்பைச் சேர்க்கும்போது, அது பேசும் நேரத்தில் எதைத் தவறவிடச் சம்மதம் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. பட்டியலில் எண் இருந்தாலே கேட்கும் என்று இல்லை. பொதுவாக, அந்தக் குழுவின் ரேடியோ ஏதாவது உங்கள் டவரில் இணைந்திருந்தால்தான் அதன் பேச்சு அங்கே வரும். 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரின் டாக் குரூப் அமைதியாக இருந்தால் ஸ்கேனரைத் திட்டாதீர்கள்.

பட்டியலை எப்படிப் பிரிப்பது?

புது யூனிடென் ஸ்கேனர்கள் சிலவற்றில் ஜிப் கோடு கொடுத்தாலே சுற்றுவட்டார சேனல்கள் வந்து நிரம்பும். முதல் நாள் வேடிக்கைக்குச் சரி. அதற்கப்புறம் சொந்தப் பட்டியல் வேண்டும். யூனிடெனில் இதற்கு 'ஃபேவரிட்ஸ் லிஸ்ட்' என்று பெயர். அதற்குள் சிஸ்டம், அதற்குள் டிபார்ட்மென்ட், அதற்குள் டாக் குரூப். பழைய ஜிஆர்இ பிஎஸ்ஆர்-500 மாதிரி மாடல்களில் 20 ஸ்கேன் லிஸ்ட் உண்டு. அதில் ஒரே டாக் குரூப்பை எத்தனை லிஸ்ட்டில் வேண்டுமானாலும் சேர்க்கலாம். யூனிடெனில் நகல் எடுத்துத்தான் போட வேண்டும்.

போலீஸ் ஒரு லிஸ்ட், தீயணைப்பு ஒரு லிஸ்ட் என்று துறை வாரியாகப் பிரிப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். பார்க்க அழகாக இருக்கும், அவசரத்தில் உதவாது. சூழ்நிலை வாரியாகப் பிரிப்பதே மேல்.

தினமும் ஓடும் லிஸ்ட்டில் உங்கள் ஊரின் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் டிஸ்பாட்ச், போலீஸ் திறந்திருந்தால் அதுவும். பத்துக்குள் நிறுத்துங்கள். பெரிய தீ விபத்து என்றால் டிஸ்பாட்ச், குழுக்களை வேறொரு 'டேக்டிக்கல்' டாக் குரூப்புக்குப் போகச் சொல்லும். நிஜமான பேச்சு அங்கேதான் நடக்கும். அவற்றை இரண்டாவது லிஸ்ட்டில் வைத்து அணைத்தே வையுங்கள். அழைப்பைக் கேட்டதும் குயிக் கீயை அழுத்தினால் போதும். பனிக்காலத்துக்குச் சாலைப் பராமரிப்பு, பள்ளிப் பேருந்து என்று ஒரு லிஸ்ட் போடலாம்.

புயல் லிஸ்ட்டில் மட்டும் டிரங்கிங்கைத் தாண்டி யோசிக்க வேண்டும். ஹெலீன் சமயத்தில் மிட்செல் மலை மீதிருந்த அமெச்சூர் ரேடியோ ரிப்பீட்டர்தான் பலருக்குக் கைகொடுத்தது. 145.190 மெகாஹெர்ட்ஸ், சாதாரண அனலாக். டாக் குரூப், கண்ட்ரோல் சேனல் எதுவும் கிடையாது. உங்கள் பகுதியின் இதுபோன்ற ரிப்பீட்டரையும், 162.400 முதல் 162.550 வரையுள்ள நோவா வானிலை சேனல்களையும் இதில் சேர்த்துவிடுங்கள்.

'அவாய்ட்' பட்டனில் ஒரு ஜாக்கிரதை. யூனிடெனில் ஒருமுறை அழுத்தினால் தற்காலிகம், ஸ்கேனரை அணைத்துப் போட்டால் திரும்பி வந்துவிடும். சட்டென்று இருமுறை அழுத்தினால் நிரந்தரம். அப்புறம் மாதக்கணக்கில் அந்தக் குரூப் ஏன் பேசவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். பிரையாரிட்டி ஓரிரு டாக் குரூப்புக்கு மட்டும் போதும். பதில் பேச்சைத் தவறவிடாமல் இருக்க, பேச்சு முடிந்ததும் 2 நொடி காத்திருக்கும்படி டிலே வையுங்கள்.

வாங்கும் முன்...

உங்கள் ஊர் போலீஸ் என்க்ரிப்ஷனுக்கு மாறிவிட்டதா என்று பாருங்கள். டென்வர் 2019-ல் மாறியது. நியூயார்க் போலீஸ் 2023-ல் மாறத் தொடங்கியது. சிகாகோவில் பொதுமக்களுக்கு 30 நிமிடம் தாமதமாகத்தான் ஒலி கிடைக்கிறது. என்க்ரிப்ட் செய்த பேச்சை எந்த ஸ்கேனரும் திறக்காது. அந்த எண்களைப் பட்டியலில் வைப்பதும் வீண். பல டவர்கள் ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் ஒலிபரப்பும் 'சைமல்காஸ்ட்' பகுதி என்றால், சாதாரண ஸ்கேனரில் பேச்சு கரகரவென்று உடையும். 2018-ல் வந்த யூனிடென் எஸ்டிஎஸ்100 இதைச் சமாளிக்கவே வடிவமைக்கப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் என்க்ரிப்ட் ஆகாத அவசர சேவைப் பேச்சை வீட்டில் கேட்கப் பொதுவாகத் தடையில்லை. ஆனால் நியூயார்க், ஃப்ளோரிடா, இண்டியானா, கென்டக்கி, மினசோட்டா போன்ற மாநிலங்களில் காரில் வைத்துக் கேட்கக் கட்டுப்பாடு உண்டு. அமெச்சூர் லைசென்ஸ் இருந்தால் சில இடங்களில் விலக்கு.

இந்தியாவில் கதை வேறு. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-வது பிரிவு 2024 ஜூன் 26 முதல் அமலில் இருக்கிறது. சட்டவிரோதமாகத் தகவலை இடைமறித்தால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிய அனுமதி விவரம் இல்லாமல் வாக்கி டாக்கி விற்றதற்காக, 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. லீவுக்கு ஊருக்கு வரும்போது ஸ்கேனரைப் பெட்டியில் போடாமல் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.