நில உபயோக மாற்றம்: மனு போடும் முன் பக்கத்துக் கழனிக்காரரிடம் சொல்லுங்கள்

கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர் பகுதியில் கழனியை வீட்டுமனையாகவோ கிடங்காகவோ மாற்ற நினைக்கும் விவசாயிகள், மனு போடும் முன் வரப்பை ஒட்டிய நிலத்தார் எல்லோருக்கும் தெரிவிப்பது நல்லது. பின்னால் வரும் வழக்கையும் வீண்செலவையும் இது பெரும்பாலும் தவிர்க்கும்.

ஏன் சொல்ல வேண்டும்?

முழுமைத் திட்டம் உள்ள பகுதியில் நில உபயோகத்தை மாற்ற, 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி அனுமதி தேவை. அதற்காக நாளிதழில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபனை கேட்கிறார்கள். சர்வே எண்களோடு வரும் அந்தச் சிறு அறிவிப்பு பலர் கண்ணில் படுவதில்லை. பொக்லைன் வந்து நின்ற பிறகுதான் பக்கத்து நிலத்தாருக்கு விஷயம் தெரிகிறது.

புறம்போக்கு வாய்க்கால் புலப்படத்தில் தெரியும். ஆனால் பட்டா நிலத்துக்குள் முன்னோர் பேசி வெட்டிய வாய்க்காலும் வண்டித் தடமும் பெரும்பாலும் படத்தில் இருக்காது. அவை இருப்பது உங்களுக்கும் பக்கத்துக்காரருக்கும் மட்டுமே தெரியும். அந்த வாய்க்காலை மூடினால் கடைமடைக் கழனிக்குச் சொர்ணவாரியும் இல்லை, நவரையும் இல்லை.

வடிகாலும் முக்கியம். இங்குள்ள மழைநீர் கோவளம், முட்டுக்காடு உப்பங்கழியை நோக்கி வடிகிறது. நடுவில் ஒரு கழனியை மண் கொட்டி மேடாக்கினால், ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்பக்கத்துச் சம்பா நெல் மூழ்கும்.

எப்படிச் சொல்வது?

1. புலப்படம், 'அ' பதிவேட்டு நகல், சிட்டா எடுத்து, நான்கு பக்கத்து நிலத்தாரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.
2. அவர்களோடு வரப்பில் நடந்து, வாய்க்கால், மடை, பாதை, பைப்லைன் எல்லாவற்றையும் படத்தின் நகலில் வரைந்து, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.
3. சர்வே எண், பரப்பு, எந்த உபயோகம், எவ்வளவு உயரம் மண் கொட்டப்படும் என்று எழுதி, ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.
4. வாய்க்காலை இடம் மாற்ற ஒப்புக்கொண்டால், அதைச் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள்.
5. சென்னைப் பெருநகரப் பகுதி 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. எனவே உங்கள் மனுவைப் பெறுவது சி.எம்.டி.ஏ.வா, நகர் ஊரமைப்பு அலுவலகமா என்பதை முதலில் விசாரியுங்கள்.

நீங்கள் பக்கத்து நிலத்தார் என்றால்

1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, தனியார் நிலத்தின் வழியே 20 ஆண்டுகள் இடையூறின்றி, வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்திய பாதைக்கும் தண்ணீருக்கும் உரிமை கோரலாம். நிலம் கைமாறியதால் மட்டும் இந்த உரிமை போய்விடாது. அனுமதி கேட்டுப் பயன்படுத்தி வந்திருந்தால் இது பொருந்தாது. தடுக்கப்பட்டால் 2 ஆண்டுக்குள் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

அறிவிப்பு வந்ததும், அதில் குறித்த கெடுவுக்குள் ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வெறுமனே “வேண்டாம்” என்று எழுதுவதால் பயனில்லை. எந்த வாய்க்கால், எத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது, எத்தனை வருடமாக என்று எழுதி, அடங்கல் நகலும் புகைப்படமும் இணையுங்கள். நகல் ஒன்றை வி.ஏ.ஓ.விடமும் கொடுத்து வையுங்கள்.

மனை போடுபவர் நிலத்தை விற்றுவிட்டுப் போய்விடலாம். பக்கத்தில் நெல் போடுபவருக்கு அடுத்த பட்டத்துக்கும் அதே மடையில்தான் தண்ணீர் வர வேண்டும்.